குளத்துப் படகுக்கு ஆயில் மாற்றினோம்

நவம்பர் 2, ஞாயிறு

விடிந்ததிலிருந்து தூறல். கொடியில் போட்டதெல்லாம் ஈரம். மாதா கோயில் பூசைக்குத் தனியாகப் போய்த் தனியாக வந்தேன். அவர் இந்த ஞாயிறும் குளத்துக்கு.

வாங்க வேண்டியது: புளி, சலவை சோப்பு, கொசுவத்தி, அவருக்கு இரண்டு பனியன். பனியன் ஊரில் குடியிருக்கிறோம், போட்டுக்கொள்ள உருப்படியாக ஒன்று கிடையாது. இருப்பதெல்லாம் கிரீஸ்.

எல்லாம் அந்தப் படகு வந்ததிலிருந்து. எங்கள் பனியன் கம்பெனி ஓனர் கேரளாவில் எங்கோ பழைய படகு ஒன்றை வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் குளத்தை அவரும் அவர் கூட்டாளிகளும் தூர்வாரினார்கள், மழையும் ஏமாற்றாமல் பெய்தது, குளம் நிறைந்தது. நிறைந்த குளத்தில் படகு விட வேண்டும் என்று ஆசை. பின்னால் மாட்டும் எஞ்சின் இல்லை, உள்ளேயே வைத்தது. நடுவில் பலகைக்கு அடியில் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது. முதலிபாளையம் பக்கம் இதை யார் பார்த்திருக்கிறார்கள்? எங்கள் வீட்டுக்காரர் பார்த்திருக்கிறார். கடற்கரையில் எங்கள் ஊரில் விசைப்படகு டிரைவர். கடலுக்குப் போன அவர் அண்ணன் திரும்பாத வருஷம், மகளைத் தூக்கிக்கொண்டு, அவரையும் இழுத்துக்கொண்டு நான்தான் இங்கே வந்தேன். நான் செக்கிங், அவர் அதே கம்பெனியில் ஜெனரேட்டர். கரண்ட் போனால் எழுந்திருப்பார், வந்தால் உட்காருவார். இத்தனை வருஷமாக அவ்வளவுதான் வேலை, அவ்வளவுதான் பேச்சு.

மத்தியானம் நனைந்துகொண்டு வந்தார். டீசல் நாற்றம். சீட்டி அடித்துக்கொண்டே செருப்பைக் கழற்றினார். கல்யாணமான புதிதில் கேட்ட சீட்டி. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. தட்டை டங்கென்று வைத்தேன். அவர் கவனிக்கவே இல்லை.

நவம்பர் 4, செவ்வாய்

வெயில். ஒரு வழியாகத் துணி காய்ந்தது.

தையல் லைனில் ஊசி உடைந்தது. ஒரிசாப் பையன், ஓவர்லாக். "தீதி, சுயீ டூட் கயா" என்று முகம் வெளுத்து நிற்கிறான். உடனே மிஷினை நிறுத்தி, பீஸ்களைத் தள்ளிவைத்து, காந்தத்தை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். குழந்தைத் துணி ஆர்டர். உடைந்த துண்டு எல்லாம் கையில் வந்து, ஒட்டவைத்துப் பார்த்து, முழு ஊசி என்று ஆன பிறகுதான் புது ஊசி கொடுப்போம். நுனி கிடைக்கவில்லை. சூப்பர்வைசர் தலையில் அடித்துக்கொள்கிறார், புரொடக்‌ஷன் போச்சாம். போகட்டும். எங்கோ ஒரு குழந்தை கழுத்தில் குத்தும். கடைசியில் பையனின் சாக்ஸில் குத்திக்கொண்டிருந்தது.

முட்டி வலி. நாகமணி அக்கா தைலம் கொடுத்தார். பக்கத்து டேபிள், இந்த ஊர்க்காரர், வாய் ஓயாது. "ஏஞ்சாமி, ஒரு ஊசிமொனைக்கு இந்தப் பாடா" என்கிறார். எனக்கு இது ஒன்றுதான் ஒழுங்காகத் தெரியும் அக்கா என்றேன்.

நவம்பர் 6, வியாழன்

இன்று தெரிந்த விஷயம். எனக்குச் சொன்னது நா.அக்கா, கட்டின புருஷன் இல்லை.

ஓனர் கேரளாவில் காயலோரம் ரிசார்ட் கட்டுகிறார். அங்கே பெரிய படகுகள் வரப்போகின்றன. 16ஆம் தேதி இந்தக் குளத்துப் படகுக்குத் திறப்பு விழா. அன்றைக்கு நல்லபடியாக ஓட்டிக் காட்டினால் இவரை அங்கே டிரைவராக அனுப்புகிறாராம்.

ராத்திரி சோறு போடும்போது கேட்டேன்.

"ஆமா. சொன்னாரு."

"என்கிட்ட சொல்ல மாட்டீங்களா?"

"முடிவாகட்டும்னு இருந்தேன்."

"நானும் வரணுமா?"

மீன் முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னார். "அங்க ஒத்த ரூம்தான் தருவாவ. ஒனக்கு இங்கன வேலை இருக்குல்லா."

வேலை இருக்கிறது. மகள் கோயம்புத்தூரில் நர்சிங் ஹாஸ்டலில் இருக்கிறாள். அவர் காயலில். நான் இந்த லைன் வீட்டில் மூன்றாவது கதவு. அவரைக் கடலிலிருந்து காப்பாற்றிக் கொண்டுவந்தேன் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் ஜெயிலில் இருந்ததாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மாதாவே, இவர் போகக் கூடாது. இதை மட்டும்தான் கேட்கிறேன்.

நவம்பர் 9, ஞாயிறு

மேகமூட்டம். பூசை முடிந்து நேரே குளத்துக்குச் சோறு கொண்டுபோனேன். வைத்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். "ஏட்டி, ஒரு கை பிடி, ஆயில் மாத்தணும்" என்றார். எவ்வளவு காலம் கழித்து ஏட்டி.

படகில் ஏறினேன். பலகையை எடுத்தால் உள்ளே இருட்டு, டார்ச் பிடித்தேன். முதலில் எஞ்சினை ஓடவிட்டார். சூடானால்தான் எண்ணெய் இளகுமாம், அழுக்கும் கூடவே வருமாம். பிறகு நிறுத்தினார். அடியில் இருக்கும் நட்டைக் கழற்ற வழியே இல்லை, எஞ்சின் அடிப்பலகையோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறது, கை நுழையாது. அளவு பார்க்கும் கம்பி இருக்கும் துளைக்குள் மெல்லிய குழாய் விட்டு, கைப்பம்பால் மேலே உறிஞ்ச வேண்டும். அவர் பம்ப் அடித்தார், நான் கேனைப் பிடித்தேன். கரியைக் கரைத்தது போல வந்தது. "பாத்தியா, சூடா வருது" என்று என் விரலைப் பிடித்துக் குழாயில் வைத்தார். சூடாகத்தான் இருந்தது.

ஊரில் பழைய எண்ணெயைப் படகு மரத்துக்குப் பூசுவோம். இங்கே ஒரு சொட்டு குளத்தில் விழக் கூடாது. ஒருகாலத்தில் இந்தத் தண்ணீரைப் பார்த்தே சாயப்பட்டறையில் இன்றைக்கு என்ன கலர் என்று சொல்லலாம் என்பார் நா.அக்கா. இப்போது எண்ணெய்ச் சொட்டுக்குப் பயப்படுகிறார்கள். நல்லது.

பாதி உறிஞ்சும்போது தூறல் பிடித்தது. மேலே எண்ணெய் ஊற்றும் வாய் திறந்து கிடந்தது, அதன் மூடி விரிசல் விட்டு உதவாமல் போயிருந்தது. "துணி குடு, அடைக்கணும்." துடைக்க என்று கம்பெனியிலிருந்து பனியன் வேஸ்ட் பை கொண்டுபோயிருந்தேன். கையில் வந்தது ஒரு பச்சை ரிப் துண்டு, குழந்தைச் சட்டைக் கழுத்துப்பட்டியில் வெட்டினது. வாங்கி உள்ளே திணித்தார். சின்னதாகப் போயிற்று. "இன்னொண்ணு." வெள்ளைத் துண்டு கொடுத்தேன். அதையும் அதன்மேல் வைத்து அடைத்தார்.

பிறகு ஃபில்டர். பழையதை பிளாஸ்டிக் பைக்குள்ளேயே கழற்றினார், ஒழுகாமல் இருக்க. புதியதன் ரப்பர் வளையத்தில் எண்ணெய் தடவி, கையாலேயே இறுக்கினார். ஸ்பானர் போட்டால் அடுத்த தடவை கழற்ற வராது என்றார். எனக்கு எதற்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன், ஆனாலும் பிடித்திருந்தது.

துணியை எடுத்தார், எண்ணெய் ஊற்றினார், கம்பியில் அளவு பார்த்தார், மூடிக்கு ஏதோ டப்பா மூடியைப் பொருத்தினார். ஸ்டார்ட். குளத்தில் ஒரு வட்டம் வந்தோம். கொக்குகள் எழுந்தன. நான் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அவர் சீட்டி.

இந்த ஒரு மணி நேரம் நன்றாக இருந்தது என்று எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

நவம்பர் 10, திங்கள்

வேஸ்ட் பையை உதறினேன், அழுக்குத் துணியை எரிக்கக் கொடுக்க. எண்ணெய் பட்ட வெள்ளைத் துண்டு இருக்கிறது. பச்சை இல்லை.

திரும்ப உதறினேன். இல்லை. அவர் கால்சட்டைப் பை, சாப்பாட்டுக் கூடை, எங்கும் இல்லை. அவர் வெள்ளையை எடுத்தது கண்ணில் நிற்கிறது. பச்சையை எடுத்தது நிற்கவில்லை.

மாலை அவர் வந்ததும் சொன்னேன். ரெண்டு துண்டு உள்ளே போச்சு, ஒண்ணுதான் வெளியே வந்திருக்கு.

"தண்ணில விழுந்திருக்கும்."

"உள்ள விழுந்திருந்தா?"

"விழுந்தா எஞ்சின் ஓடியிருக்குமாட்டி? நேத்து ஓடிச்சா இல்லையா?"

ஓடியது.

நவம்பர் 12, புதன்

நல்ல மழை. கரண்ட் போய்ப் போய் வந்தது, அவருக்கு ஓயாத வேலை. டீ நேரத்தில் ஜெனரேட்டர் அறைக்கே போனேன்.

மறுபடி சொன்னேன். எண்ணெயை ஒரு தடவை உறிஞ்சிப் பாருங்க, அடியைத் திறந்து பாருங்க, துண்டு கையில கிடைக்காம ஓட்டாதீங்க. ஊசி உடைந்தால் நாங்கள் அப்படித்தான் செய்வோம் என்றேன். அங்கே ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்த ஆள் சிரித்தான். அது போதும் அவருக்கு.

"ஒன் ஊசிக் கதைய செக்கிங் டேபிள்ல வச்சுக்க. அடியத் தொறக்கணும்னா எஞ்சினத் தூக்கணும். தெரியுமா ஒனக்கு? நாலு நாள்ல விழா. ஒரு கந்தத் துணிக்கு எஞ்சினத் தூக்கச் சொல்லுத. நான் போவக் கூடாதுன்னுதான இந்தப் பேச்செல்லாம்?"

அந்த ஆள் முன்னாலேயே.

போகக் கூடாது என்று நினைப்பது உண்மை. துணி உள்ளே இருப்பதும் உண்மை. இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தால் இரண்டும் பொய்யாகிவிடுகிறது போல. இனி சொல்ல மாட்டேன்.

பல் வலி வேறு. கிராம்பு வைத்தேன்.

நவம்பர் 15, சனி

குளத்துக்கரையில் பந்தல் போடுகிறார்கள். படகுக்குப் புதுப் பெயிண்ட், வாழைத்தார், கலர் பல்பு. படகுக்குப் பெயரும் வைத்திருக்கிறார்கள், ஓனரின் பேத்தி பெயர்.

மத்தியானம் ஓனர் செக்கிங் பக்கம் வந்தார். "ஏனுங்க ஸ்டெல்லா, நாளைக்கி உங்கூட்டுக்காரர்தான் ஹீரோவுங்க. முன்னாடியே வந்துருங்க" என்றார். நல்ல மனிதர், எல்லோரையும் வாங்க போங்க என்பார். அப்போது சொல்லியிருக்கலாம். சார், அந்த எஞ்சினில் ஒரு துணி இருக்கிறது, நாளைக்கு ஓட்ட வேண்டாம். ஒரு வரிதான். சரிங்க சார் என்றேன், அவர் போய்விட்டார்.

ஏன் சொல்லவில்லை? புருஷனை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று ஒரு காரணம் வைத்திருக்கிறேன். அவர் திட்டின திட்டு இன்னொரு காரணம். மூன்றாவதும் இருக்கிறது. நாளைக்கு அது நின்றுபோனால் இவர் இங்கேயே இருப்பார். எழுதிவிட்டேன், கோடு போட்டு அடிக்கப் போவதில்லை.

அவருடைய வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுவைத்தேன்.

நவம்பர் 16, ஞாயிறு

வெயில், காற்று இல்லை. விழாவுக்கென்றே செய்தது மாதிரி நாள்.

மேளம், மாலை, கேசரி. ஓனர், அவர் மனைவி, பேத்தி, பெரிய மனிதர்கள் சிலர், எல்லோருக்கும் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை மாட்டிப் படகில் ஏற்றினார்கள். இவர் ஸ்டியரிங் பிடித்துக்கொண்டு நின்றார். கரையில் நானும் நா.அக்காவும். "ராசாவாட்ட நிக்கறாரு பாரு கண்ணு" என்றார் அக்கா. நின்றார்தான்.

படகு புறப்பட்டது. ஒரு வட்டம் சரியாகப் போயிற்று. ஒருவேளை நான்தான் தப்போ, துணி தண்ணீரில்தான் போயிருக்குமோ என்று எனக்கே தோன்றியது. அடுத்த வட்டத்தில் நடுக்குளத்துக்குப் போனதும் சத்தம் மாறியது. இரும்பை இரும்பால் தட்டுகிற சத்தம். அந்தப் படகில் எண்ணெய் ஏறுகிறதா என்று காட்டும் மீட்டர் செத்துப்போன மீட்டர், காதுதான் மீட்டர் என்று பெருமையாகச் சொல்வார். அந்தக் காதுக்குப் பக்கத்திலேயே, படகில் ஏறியிருந்த மேளக்காரர்கள் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவருக்குக் கேட்டபோது புகை வந்துவிட்டது. ஒரு முனகல், அப்புறம் ஒன்றுமில்லை.

நடுக்குளத்தில் மாலையோடு நின்றது. குழந்தை அழுதது. பரிசலில் போய்க் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, மாதாவுக்கு நன்றி. ஓனர் இறங்கும்போது கோபப்படவில்லை. "பாத்துக்கலாமுங்க ஜெயசீலன், பழைய எஞ்சின்தானுங்களே" என்றார். அந்த மரியாதையில் இவர் முகம் செத்துப்போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். கேசரி டப்பாவைத் திறக்கவே இல்லை, எறும்பு.

நான் கேட்டது கிடைத்துவிட்டது.

நவம்பர் 18, செவ்வாய்

கோயம்புத்தூரிலிருந்து மெக்கானிக் வந்து செயின் போட்டு எஞ்சினைத் தூக்கினான். அடியைத் திறந்தார்கள். எண்ணெய் உறிஞ்சும் இடத்தில் சல்லடை மாதிரி ஒன்று இருக்கிறதாம், அதில் துணி அப்பிக்கொண்டிருந்திருக்கிறது. எண்ணெய் மேலே ஏறாமல் உள்ளே எல்லாம் தேய்ந்து கடித்து இறுகிவிட்டது.

நான் பார்க்கவில்லை. நிட்டிங்கில் வேலை செய்கிற பையன் வந்து சொன்னான். "அக்கா, கறுப்பாகிப் போச்சு, ஆனா மடிப்புல பச்ச தெரியுது. நம்ம பேபி ஆர்டர் ரிப்பு."

மாலை அவர் வந்ததும் வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். நீ சொன்னாயே என்று ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். மன்னிப்பு எல்லாம் வேண்டாம். நீ சொன்னாய், அவ்வளவு போதும். அப்படி ஒன்று சொல்லியிருந்தால் நானும் என் மூன்றாவது காரணத்தை அவரிடம் சொல்லி அழுதிருப்பேன். குளித்தார், சாப்பிட்டார், உப்பு கம்மி என்றார்.

நவம்பர் 19, புதன்

டீ நேரம். நா.அக்கா என் கையைப் பிடித்துப் பாத்ரூம் பக்கம் கூட்டிப்போனார். நிறையத் தயங்கினார்.

"தப்பா நெனைக்காத சாமி. உங்கூட்டுக்காரரு ஓனர்கிட்ட என்ன சொல்லிப்போட்டாரு தெரியுமா? நீதான் அவருக்குத் தெரியாம துணிய அடைச்சு வெச்சுப்போட்டியாம். சோறு கொண்டாந்த எடத்துல, மழை வருதுன்னு, நீயா அடைச்சியாம். அவரு கவனிக்காம எண்ணெய ஊத்திப்போட்டாராம்."

"ஓனர் என்ன சொன்னாரு?"

"பொம்பளைங்கள எதுக்குங்க எஞ்சின்கிட்ட உட்டீங்கன்னு சிரிச்சாராம். போச்சாதுங்க, பரவால்லீங்க, கேரளாவுக்கு நீங்கதான் போறீங்கன்னாராம்."

அதற்குப் பிறகு பார்த்த பீஸ்களில் எத்தனை பழுதை விட்டேனோ தெரியாது. கண் முன்னால் துணி இருந்தது, அவ்வளவுதான்.

வீட்டில் கேட்டேன். மறுக்கவில்லை.

"வேற என்ன சொல்லச் சொல்லுத? நாந்தான் போட்டேன்னு சொன்னா என் டிரைவர் வேலை போச்சு. ஒனக்கு என்ன போச்சு? பொம்பளைதான, தெரியாமச் செஞ்சுட்டான்னு விட்டுருவாவ. ஒரு பேச்சுக்குத்தான."

"நான் ரெண்டு தடவை சொன்னேன்."

"சவத்த விடு. அதையே பிடிச்சுக்கிட்டு."

பத்து வருஷத்துக்கு மேலாகக் காந்தம் வைத்து ஊசிமுனை பொறுக்குகிறவள் நான். மொத்தக் கம்பெனியும் இனிச் சொல்லும், ஸ்டெல்லா துணியை எஞ்சினுக்குள் போட்டுவிட்டாள் என்று. அதை அவர் ஒரு பேச்சுக்கு என்கிறார். அவர் கடலுக்குப் போய்த் திரும்பாமல் இருந்திருந்தால் அழுதுகொண்டாவது மரியாதையாக இருந்திருப்பேன். இப்படி ஒரு நினைப்பு வந்தது. வந்ததற்கு வெட்கப்படவில்லை.

நவம்பர் 20, வியாழன்

மகள் ஃபோன். அப்பா படகு ஓட்டினாரா, வீடியோ எடுத்தீங்களா என்றாள். நின்னுபோச்சு என்றேன். ஏம்மா என்றாள். துணி என்றேன். மேலே சொல்லவில்லை. பரீட்சை இருக்கிறது அவளுக்கு.

அரிசி தீர்ந்தது. ரசம், அப்பளம்.

அவர் என்னிடம் இரண்டு தடவை பேச வந்தார். ஒரு தடவை தேங்காய் எண்ணெய் எங்கே என்று. ஒரு தடவை ஓனர் கூப்பிட்டுக் கேட்டால் ஆமான்னு சொல்லிரு என்று. கெஞ்சுகிற குரல்தான். கெஞ்சும்போது நல்ல மனிதர் மாதிரியே இருக்கிறார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், உரித்துக்கொண்டே இருந்தேன்.

நவம்பர் 21, வெள்ளி

மேகமூட்டம். ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள்.

ஓனர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இவர், கையைக் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு. மெக்கானிக் ஏதோ சொல்லியிருக்கிறான் போல, துணி ஆழமாகத் திணித்தது, எஞ்சின் தெரிந்த கை வைத்தது என்று.

"உக்காருங்கம்மா. ஒண்ணுமில்லீங்க, தெரிஞ்சுக்கலாம்னுதான். அந்தத் துணி நீங்க வெச்சதுங்களா? பயப்படாதீங்க. இல்லீன்னா இல்லீன்னு சொல்லிப்போடுங்க. எனக்கு அங்க பெரிய படகு, நெறயப் பேரு ஏறுவாங்க. ஜெயசீலன் மேல தப்பிருந்தா அவரு இங்கயே ஜெனரேட்டரப் பாத்துக்கட்டுமுங்க."

இல்லை என்ற சொல் நாக்கில் இருந்தது. நேற்று முழுக்க அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொன்னால் என் பேர் மீளும். சொன்னால் இவர் இங்கேயே இருப்பார். தினமும் மாலை அந்தக் கதவைத் திறந்துகொண்டு வருவார், செருப்பைக் கழற்றுவார், உப்பு கம்மி என்பார், ஒவ்வொரு நாளும் எல்லாம் உன்னால்தான் என்று என்னைப் பார்ப்பார். நான் மாதாவிடம் மண்டியிட்டுக் கேட்டது இதைத்தான்.

"நான்தான் சார் வச்சேன். அவருக்குத் தெரியாது."

ஓனர் தலையாட்டினார், சரிங்க, ஆகறது ஆகிப்போச்சு என்றார். இவர் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

எழுந்துகொண்டே கேட்டேன், "அவர எப்ப சார் அனுப்புவீங்க?"

"கிறிஸ்துமஸ் முடிஞ்சு போகட்டுமுங்க, பண்டிகைக்கி ஊட்டுல இருக்கட்டும்."

"வேண்டாம் சார். இந்த வாரமே அனுப்பிருங்க."

அப்போதுதான் அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.